பழுது கேபிளில் இல்லை

ஜூன் 4, வியாழன்

இன்று அப்பா மைக் கேபிளை மூன்று முறை மாற்றினார். பல்பொடி விளம்பரம். ஒரே ஒரு வரி: "அம்மா, என் பல்லைப் பாரேன்!" 'பாரேன்' வரும்போதெல்லாம் ஒரு கரகரப்பு. கேபிள் என்றார், மைக் என்றார், மின்விசிறிதான் காரணம் என்று அதையும் நிறுத்தினார். கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். பழுதான சாமானைப் பார்க்கிற பார்வை.

எனக்குப் பதிமூன்றரை வயது. ஆறு வயதிலிருந்து எங்கள் வீட்டு முன்னறை ஒலிப்பதிவுக்கூடத்தில், பஞ்சு ஒட்டிய இந்தச் சுவர்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். கடைத்தெரு லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்பது நான். பொம்மைக் கடை வாசலில் "உள்ளே வாங்க" என்பதும் நான்தான்.

"ஐஸ் தண்ணி குடிச்சியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. தொண்டையே சொல்லுது."

குடிக்கவில்லை. சத்தியமாகக் குடிக்கவில்லை.

ஜூன் 6, சனி

ஐஸ் கூடாது. பந்து விளையாடப் போகக் கூடாது, கத்துவேனாம். தங்கையோடு சண்டையும் கூடாது. அந்தக் குட்டிப் பிசாசுக்கு இது போதாதா? நான் பக்கத்தில் போனாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அண்ணன் நாறுறான்" என்கிறாள். இரண்டு வேளை குளிக்கிறேன். இன்னும் என்ன செய்ய, தோலையா உரிக்க?

ஜூன் 9, செவ்வாய்

அறிவியல் வாத்தியார் முதல் பாடத்திலிருந்து மூன்றாவதுக்குத் தாவிவிட்டார். "ரெண்டாவத வீட்லயே படிச்சுக்குங்க." பின்பெஞ்சில் சிரிப்பு. அவர் காது சிவந்துவிட்டது.

படித்தேன். ஹார்மோன் சுரப்பதால் முகத்தில் பரு, அக்குளில் முடி, வியர்வையில் வாடை, காரணமில்லாத கோபம். குரல்வளை பெரிதாகும், குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். என்னைப் பற்றி யாரோ ஒளிந்திருந்து எழுதிய மாதிரி இருந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இத எழுதுனவன் ஒரு நாளாவது மைக் முன்னாடி நின்னிருப்பானா?" என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

காரணமில்லாத கோபமாம். எனக்குக் காரணம் இருக்கிறது. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 15, திங்கள்

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மகள் ஏணி கேட்டு வந்தாள். எனக்கு அவளைப் பாலர் பள்ளியிலிருந்து தெரியும். அவள் மூக்கு ஒழுக நின்றதைக்கூடப் பார்த்திருக்கிறேன். இன்று ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை அள்ளிக் கட்டினாள். அவ்வளவுதான் செய்தாள். நான் ஏணியை மறந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாடியில இருக்கு" என்றேன். 'மாடியில' கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. 'இருக்கு' கீச்சென்று என் தங்கை குரலில் வந்தது. அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. இருந்தும் அவள் போனதும் செருப்பு அலமாரியை உதைத்தேன். கால் நகம் பெயர்ந்து ரத்தம்.

அவள் மேல் கோபமா? இல்லை. பின்ன யார் மேல? தெரியல. எல்லாம் நாசமாப் போகட்டும்.

ஜூன் 21, ஞாயிறு

மூன்று நாளாகப் பதிவு. ஒன்றிலிருந்து நூறு வரை. வாரத்தின் நாட்கள். 'அம்மா', 'அப்பா', 'வாங்க', 'இனிக்குது', 'எனக்கும் வேணும்'. உடையாமல் வருகிற வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 'எழுபத்தேழு' மட்டும் நாற்பது தடவை. தொண்டையில் மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல். பிறகு இதையெல்லாம் அப்பா விளம்பரங்களுக்கு வெட்டி ஒட்டிக்கொள்வாராம்.

அவர் டீ குடிக்கப் போனபோது கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஃபோல்டருக்கு 'கடைசி' என்று பெயர் வைத்திருக்கிறார்.

அப்போ அவருக்குத் தெரியும்! ஐஸ் இல்ல, பந்து இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னத் திட்டியிருக்கார்.

ஜூன் 24, புதன்

அந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியிலிருந்தும்.

ஜூன் 25, வியாழன்

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உன்னோடதுன்னு நெனச்சியா?"

"பின்ன யாரோடது?"

'யாரோடது' இரண்டாக உடைந்தது. அவர் முகம் சுளித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதான் என் குரல்! நல்லாக் கேட்டுக்குங்க! பிடிக்கலன்னா காதப் பொத்திக்குங்க!"

அம்மா ஓடி வந்து நடுவில் நின்றாள். "ரெண்டு பேருக்கும் வீம்பு ஒரே அளவு" என்றாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

ஐந்து நாளாகப் பேச்சில்லை. "அவன சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன்.

ஜூலை 8, புதன்

அப்பா கடைக்குப் போயிருந்தார். முன்னறையில் ஃபோன் அடித்தது. பல்பொடிக் கம்பெனி மேனேஜர்.

"சார், வணக்கம். பையன் குரல்ல புதுசா ஒண்ணு கேட்டிருந்தேனே, என்னாச்சு?"

என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டார். அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அந்தக் குரல் இனிமே வராதுங்க. பையன் வளந்துட்டான்."

"அடடா. எப்பலேருந்து சார்?"

"ஒரு மாசமா. எனக்குத் தெரியும். ஒத்துக்கத்தான் மனசு வரல. அவனப் போட்டுத் திட்டிட்டேன்."

குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அப்பா, கையில் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன், அறை விழும் என்று.

"ஃபோன வெக்கிறதுக்கு முன்னாடி நன்றி சொல்லணும்" என்றார். என்னிடம் நேராகச் சொன்னார்.

உள்ளே போய்விட்டார். எனக்கு இன்னும் அவர் மேல் கோபம் தீரவில்லை. சிறிது நேரத்தில் மறுபடி ஃபோன் அடித்தது. அவர் வந்து எடுப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீயே எடு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.