ஃபாத்துமாவுக்கு எழுதாதது

இன்று கறிக்குழம்புக்குக் கிராம்பு எடுக்க டப்பாவைத் திறந்தேன், சமையல்கட்டு முழுக்க நீ வந்து நின்ற மாதிரி இருந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறையக் கிராம்பு கொண்டுவந்து கொட்டுவாயே, உன் புடவையெல்லாம் அந்த மணம்தான் அடிக்கும். சொல்லட்டுமா? எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அது உன் வாசனை இல்லை, நீ வேலைக்குப் போன அந்த ஊர் வாசனை.

செகந்திராபாத் திருமுல்கேரிப் பள்ளியில் நாம் வேலை பார்த்த நாளில் நீ ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஈரத்தலையோடு பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவருவாய். பிரேயர் மணி அடிப்பதற்குள் நான் பின்னிவிட வேண்டும். "இறுக்காதேடி, கண்ணு மேலே ஏறுது" என்பாய். கணக்கு டீச்சருக்குச் சரித்திர டீச்சர்தான் ஆயா என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன், எனக்கு அதில் பெருமைதான்.

ஆப்பிரிக்காவுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்ற விளம்பரத்தை நீதான் பேப்பரில் பார்த்துவிட்டு வந்தாய். தான்சானியாவில் ஒரு கோடியில் கடற்கரை ஊர். நீயும் வாயேன் என்றாய். கவர்ன்மெண்ட் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிற புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் யார் தலையில் கட்டிவிட்டு வருவது? உனக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணமும் வேண்டாம் என்றிருந்தாய், கிளம்பிவிட்டாய். இரண்டு வருஷ ஒப்பந்தம்தான், முடிந்ததும் லோத்குண்டாவில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் போர்ஷனுக்கே வந்துவிடுவதாகப் பேச்சு. அதை வாடகைக்கு விடாமல் வைத்திருந்தேன். அவர் முணுமுணுத்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ முதல் லீவுக்கு வந்தபோது நல்ல கோடை. நான் குடத்தோடு குழாயடியில் நிற்கிறேன், நீ பக்கத்தில் நின்றுகொண்டு, பள்ளி விட்டதும் நேரே கடலில் இறங்கிவிடுவேன் என்கிறாய். புடவையோடா என்று கேட்டேன். ஃபாத்துமா ஒரு துணி கொடுத்திருக்கிறாள், அதைச் சுற்றிக்கொள்வேன் என்றாய். எனக்கு வயிறு எரிந்தது. கடலுக்காகக்கூட இல்லை. யாரடி இந்த ஃபாத்துமா?

நீ குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரியாம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளாம். தேங்காய்ப்பால் விட்டு மீன் சமைக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். என் வீட்டில் சோறு வடிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவள் நீ! சாயங்காலமானால் அவள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பாயாம், பாதி பாஷை புரியாமலே சிரித்துக்கொண்டிருப்பீர்களாம். பிறகு அந்த போட்டோவை எடுத்தாய். மணலில் நீ உட்கார்ந்திருக்கிறாய், பின்னால் தாட்டியாக ஒரு பெண் உன் தலையைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். மண்டை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல். கண்றாவியாக இருக்கிறது என்றேன். பொய். உனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

எப்போது வந்து சேருவாய் என்று கேட்டதற்கு, கையிலிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"நக்கோ டீ, வேணாம். இங்க வந்து நான் என்ன பண்ணப்போறேன்? அங்கயே நல்லா இருக்கு."

நான் இருக்கும் ஊரில் உனக்குச் செய்ய ஒன்றும் இல்லையாம். அடுத்த மாதமே போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஒப்பந்தத்தில் மலேரியா வந்து போய்விட்டாய். தந்தி எனக்குக் கிடைப்பதற்குள் உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த வெயிலில் எத்தனை நேரம் வைத்திருப்பார்கள், புரியாமல் இல்லை. ஆனால் உன்னைக் குளிப்பாட்டி உடுத்தியது ஃபாத்துமாவாம். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ ஆப்பிரிக்கா போன நாளிலிருந்து செகந்திராபாத்தில் உன் அப்பா அம்மா கல்லறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு முதல்நாளே புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மறுநாள் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போவேன். போன மாதம் உன் கடற்கரை ஊர்ப் பாதிரியார் எனக்கு எழுதியிருந்தார். வருஷா வருஷம் அந்த நாளில் நீ அவர்களுக்காக மணலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதை ஃபாத்துமா பார்த்திருக்கிறாளாம். இப்போது உன் கல்லறையில் அவள் ஏற்றுகிறாளாம். தான் வேறு மதம், முறை தெரியாது, ஏதாவது விட்டுப்போய்விடக் கூடாது, உங்கள் ஆட்கள் இன்னும் என்னென்ன செய்வார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னாளாம்.

படித்துவிட்டு நான் உர்ரென்று இருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர், "அந்தம்மா மேலே கைக்கு கோவம், எதுக்கு? நீ பண்ண வேண்டியதைத்தானே அது பண்ணுது" என்றார். அதுதானே என் கோபமே.

ஆனாலும் பதில் எழுதினேன். புல்லைப் பிடுங்கச் சொன்னேன். தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி, கால்மாட்டில் ஒன்று. சாமந்தி வாசனை உனக்குத் தலைவலி, வெள்ளைப் பூ ஏதாவது போதும். காற்றில் அணையாமல் இருக்கத் தேங்காய்ச் சிரட்டைக்குள் வைக்கலாம் என்றும் எழுதினேன். உன் காரியத்தில் நான் குறை வைப்பேனா?

ஒன்றை மட்டும் எழுதவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றியதும் நாம் எழுந்து வந்துவிட மாட்டோம், அங்கேயே உட்கார்ந்து அந்த வருஷத்து வீட்டுச் சங்கதி அத்தனையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வருவோம். என் பிள்ளைகளின் மார்க்குவரை நீ உன் அம்மாவிடம் ஒப்பித்ததைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பூ வைக்கட்டும், பெருக்கட்டும், மற்றதெல்லாம் அவளே செய்யட்டும். உன்னிடம் பேச நான் இருக்கிறேன்.

சரி, கேள். பெரியவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். மஸ்கட்டில் வேலையாம், வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.