அரிசி வாளியில் ஷூ

எலே ஜெஃப்ரின்,

பாலராமபுரம் கடைக்கு வேலைக்குப் போகிறேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடியிருக்கிறது, சட்டியில் மீன்கறி உண்டு. பத்ரோஸ் மாமன் ஆட்டோ கொண்டு வருவார். அதில் போய் அமரவிளை எலும்பு டாக்டரிடம் வலிக்கிற காலைக் காட்டு.

“ரிக்கவரி ஓட்டம்தானே, மெதுவாத்தான் போவேன்” என்று ராத்திரி சண்டை போட்டாய். நீ உறங்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒரு விரலால் தொட்டேன். உறக்கத்திலேயே காலை உதறிக் கத்தினாய். அது தசைப்பிடிப்பு இல்லை மக்கா, எலும்பில் விரிசலாக்கும். அதனால்தான் ஷூவை அரிசி வாளியில் ஒளித்தேன். கோபப்படாதே.

டீனா அக்கா

பி.கு.: சீட்டை உன் தலைமாட்டில் வைக்க வந்தேன். பாயில் நீ இல்லை. ஷூ வாளியிலேயே கிடக்கிறது, வலி மாத்திரை அட்டை காலி. பொழியூர் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடுகிறாயா? நான் வேலைக்குப் போகவில்லை, உன்னைத் தேடி வாறேன். எனக்கு முந்தி வந்துவிட்டால் அப்படியே உட்காரு. அந்தக் காலை ஊன்றி எழும்பாதே.