அரம் வழுக்கிய உளி

என் வீட்டு மகாராணிக்கு,

சௌக்கியமா? அம்மாவோட மூட்டுவலி குறைஞ்சுதா? பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல கேமரா போயிடுச்சு, வீடியோவுல முகம் பார்த்துப் பேச முடியாது, அதான் கடிதம்.

பட்டறையில ஒரு கூத்து. எஃகுத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, அடிச்சு, உளி செஞ்சேன். எண்ணெயில முக்கி எடுத்து அரத்தால தேய்ச்சா, கீறலே விழாம வழுக்குது. கெட்டியா வந்துருச்சுன்னு ஒரே பெருமை. மறுபடி இளஞ்சூட்டுல வச்சு அந்த விறைப்பைத் தணிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். முதல் அடியிலேயே கண்ணாடி மாதிரி தெறிச்சுது. "கெட்டியா இருந்தா போதுமாய்யா? அடி தாங்க வேண்டாமா?"ன்னு மேஸ்திரி கத்தினார். மத்தபடி ஒண்ணுமில்லை.

பாப்பா பேசுறதைப் பதிவு பண்ணி அனுப்பு. ஏதாவது உளறட்டும், பரவாயில்லை. போட்டோ அப்புறம் பார்த்துக்கலாம். உங்க அண்ணனோட கறுப்புக் கண்ணாடி சும்மாத்தானே கிடக்கு? யாராவது இந்தப் பக்கம் வந்தா கொடுத்தனுப்பு. இங்க வெயில் ஜாஸ்தி.

நர்ஸ் கூப்பிடுறாங்க, முடிச்சுக்கிறேன். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே. ஒத்தைக் கண்ணால எழுதினா வரி நேரா நிக்க மாட்டேங்குது.

உன் வீட்டுக்காரன்