மாதாவின் இடது கண்ணுக்குக் கீழே

அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி மாட்டுகிறார்கள். பட்டி பூசும் ஆளிவிதை எண்ணெய் வாசம் காலையிலேயே அடுப்படிக்குள் வந்துவிட்டது. வீட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தவள், அதை மூடி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

கெலுகோரில் நாம் இருந்த வீட்டின் பின்னறையில் இந்த வாசத்துக்குள்தான் நீங்கள் இருப்பீர்கள். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைக்குள் செருகி, நகராமல் இருக்கச் சுற்றிலும் ஆணி அடிப்பீர்கள். பிடுங்கிய ஆணிகளுக்கு உங்கள் வாய்தான் டப்பா. பசியாறக் கூப்பிட்டாலும் உதட்டில் ஆணியோடுதான் வருவீர்கள். “ஆணியே போதும்னா நான் ஏங்க தோசை சுடணும்?” என்பேன். “தையல்காரன் குண்டூசிய எங்க வைக்கிறான்? தொழில்னா அப்படித்தான் லா” என்று சிரிப்பீர்கள்.

அந்த ஆணிகளில் ஒட்டியிருந்த ஈயம் வருஷக்கணக்கில் உங்களுக்குள் இறங்கியிருக்கிறது. முதலில் வயிற்றுவலி. பிறகு வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு மாதிரித் தொங்கிப்போனது. இனி அந்த அறைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது நீங்கள் செய்துகொண்டிருந்த கோயில் ஜன்னலில் மாதாவின் முகம் மட்டும் வரையப் பாக்கி. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. வேறு யாராவது வரையட்டும் என்று அழுது பார்த்தேன். “கைய மட்டும் தூக்கிப் பிடி. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றீர்கள்.

பிடித்தேன். உங்கள் மணிக்கட்டு என் இடது உள்ளங்கையில். என் வாயில் ஜெபம். மூக்கும் உதடும் வலது கண்ணும் நன்றாகவே வந்தன. இடது கண்ணுக்குக் கீழே உங்கள் விரல்கள் இழுத்துக்கொண்டன. கோடு கன்னத்தில் இறங்கிவிட்டது. சூளையில் வைக்கும்வரை துடைத்துவிடலாம், சுட்ட பிறகு முடியாது. ஈரத்துணியை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. மாதாவின் முகத்தையே பார்த்தபடி, “இன்னொரு தடவ இந்தக் கை எந்திரிக்காது. சுட்டுடு” என்றீர்கள்.

ஜன்னல் கோயிலில் ஏறியபோது நீங்கள் உயிரோடு இல்லை.

அந்தக் கோட்டைக் கண்ணீர் என்கிறார்கள். மகனைப் பறிகொடுத்து, பாயான் பாருவிலிருந்து பூசைக்கு வரும் அக்கா ஒருவர், அதற்கு நேராகத்தான் முழந்தாளிடுவார். பெத்தவ மனசு ஒங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிஞ்சது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கும்பிடுவதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு அது உங்கள் கை விழுந்த இடம். பூசையில் சிலுவை போட வலது கையைத் தூக்கினால், இடது கை தானாக எழுந்து மணிக்கட்டுக்கு அடியில் போய் நின்றுகொள்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு மூட்டுவலி என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.