பதினேழாம் அத்தியாயத்தில் இறந்தவர்

லிம்பானி,

முலாஞ்சே மலைக்குக் கிளம்பிவிட்டேன். அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. பானையில் சோளக்களி இருக்கிறது. மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கூரை பார்க்க ஆள் வருவார். சாவி ஜன்னலோரம்.

நேற்று என் நாவலின் பதினேழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "புருஷனைக் கொன்னுட்டு நிம்மதியா மலை ஏறப் போறியா?" என்றீர்கள். நான் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன். வாரமெல்லாம் பள்ளிக்கூடம், விடிகாலையில் ஒரு பக்கம், சனிக்கிழமை மலை. இப்படித்தான் இருநூறு பக்கம் சேர்ந்திருக்கிறது. அலுத்துப்போய்விட்டேன்.

அதில் செத்தது நீங்கள் இல்லை, என் அப்பா. அதை எழுதவே பதினோரு வருஷம் ஆனது.

இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

தியாமிகே

பி.கு.: நீங்கள் ஒரு காலைச் சாய்த்து நடப்பதைக் கதையில் அவருக்குக் கொடுத்தது உண்மைதான். அப்பா எப்படி நடப்பார் என்று எனக்கு மறந்துவிட்டது.