தெருவைக் காணாத சப்பாத்து

2014 செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடையைப் பார்மசியிலேயே விட்டுவிட்டு வந்து முழுக்க நனைந்தேன்.

மதியம் என் கணவன் மிகெலின் அழைப்பு. வகுப்பு நடக்கும் கட்டடத்தை விற்றுவிட்டார்களாம். மாதம் முடியுமுன் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். மிகெல் பிறப்பதற்கு முன்பிருந்தே அவன் அம்மா, என் மாமி, அங்கே பிளமேங்கோ ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய தாய் ஸ்பெயினிலிருந்து சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டித் துலூஸ் நகருக்கு வந்து, அங்கே அகதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இத்தனைக்கும் பிறகு, ஒரு கடிதத்தோடு முடிகிறது.

மாமி அழுவார் என்று நினைத்தேன். சூப்பைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னார்: "என் அம்மா சமைக்கிற குசினியில் சொல்லிக்கொடுத்தாள். மேசையை வெளியே தள்ளிவிட்டு. போய் இடம் தேடுங்கள்."

இடம் மட்டுமா? மாமிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இனி நின்று ஆட முடியாது. ஆட்டம் முழுக்கத் தெரிந்த மற்ற ஆள் மச்சாள் லூசியா, மிகெலின் தங்கை. பொபினியில் ட்ராம் ஓட்டுகிறாள். ஒருமுறை மேடையில், ஆடிக்கொண்டிருக்கும்போதே, எல்லார் முன்னாலும் மாமி திருத்திவிட்டார். அன்றோடு சரி, பிறகு ஆட்டமே இல்லை. வருடத்தில் ஒருமுறை நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். வேலை முடிந்து நேரே யோகன் அண்ணையின் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு மண்டபம் உண்டு. சனி, ஞாயிறு பரத வகுப்பு. மற்ற நாட்களில் சும்மா பூட்டிக் கிடக்கிறது.

"என்ன ஆட்டம் பிள்ளை?"

சொன்னேன். கைபேசியில் காட்டினேன். காலைப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது.

"சப்பாத்தோடையோ? அங்கை நடராசரை வைச்சுக் கும்பிடுறம் பிள்ளை. சலங்கை கட்டுற இடம். பரதம் எண்டால் இப்பவே திறப்பைத் தருவன்."

"மாமிக்கு வேறை இடமில்லை அண்ணை."

"விளங்குது. ஆனால் சப்பாத்துக்கு ஏலாது."

வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவரில் கோபப்படவும் முடியவில்லை. நானும் அந்த வாசலில் செருப்பைக் கழற்றித்தானே வளர்ந்தேன். அதுதான் இன்னும் கஷ்டம்.

மாமியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தரையைக் காப்பாற்றுகிற மனிதன். எனக்குப் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போ" என்றார்.

செப்டம்பர் 13, சனி

எழுதாமல் படுக்க முடியாது.

மாமி ஊன்றுகோலோடு வந்தார். வாசலில் நான் சொல்லுமுன் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். குனிந்து கழற்றினேன். யோகன் அண்ணை ஓடிவந்து கதிரை போட்டார்.

பரதப் பிள்ளைகள் தட்டடவு ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கை தட்டத் தொடங்கினார். தாளத்தின் மேல் அல்ல, தாளங்களுக்கு நடுவே. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆசிரியை தட்டுக்கழியை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகளின் கால் இன்னும் பலமாக விழுந்தது.

முடிந்ததும் மாமி பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலம் எடுத்தார். உள்ளே அவருடைய ஆட்டச் சப்பாத்து. சிவப்புத் தோல். திருப்பி அடியைக் காட்டினார். முனையிலும் குதியிலும் நெருக்கமாகச் சிறிய ஆணிகள்.

"இது தெருவைக் கண்டதில்லை என்று அவருக்குச் சொல்லு."

சொன்னேன். யோகன் அண்ணை கையைத் துடைத்துவிட்டு வாங்கி, ஆணிகளைத் தடவிப் பார்த்தார்.

"சத்தத்துக்கோ இந்த ஆணி?"

"ஓம் அண்ணை. ஆடுறதுக்கு மட்டும்தான் போடுறது."

ஆணிகளை நகத்தால் தட்டிக் கேட்டார்.

"அப்ப இது சலங்கையெல்லோ!" என்றார். எனக்கல்ல, தனக்கே.

உடனே ஒரு கவலை. "ஆனால் மாபிள் தரை உடைஞ்சு போமே?"

பழைய மண்டபத்தின் மரத்தரை எங்களுடையது, மிகெலின் அப்பா போட்டது, கழற்றிக்கொண்டு வரலாம் என்றேன். பரத ஆசிரியை உடனே, "போடுங்கோ அண்ணை, பிள்ளையளுக்கும் குதி நோகுது" என்றார்.

புதன் பின்னேரங்கள் எங்களுக்கு. ஒரே நிபந்தனை: ஆடும் சப்பாத்தை மண்டபத்துக்குள் வந்துதான் போட வேண்டும்.

பால் விடாத பிளேன்ரீயும் வாழைப்பழ வாய்ப்பனும் தந்தார். மாமி இரண்டு வாய்ப்பன் சாப்பிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பொபினி. லூசியாவின் வேலை முடியும்வரை ட்ராம் தரிப்பில் நின்றேன். குளிர் தொடங்கிவிட்டது.

மிகெல் கேட்டால் வரமாட்டாள் என்றுதான் நான் போனேன். பக்கத்துக் கோப்பிக்கடையில் இருத்தி, வகுப்பை நடத்த வா என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அம்மா கதிரையிலிருந்து கத்துவாள். எனக்கு வேண்டாம், சுகந்தி."

"நீ ஆட்டத்தை விட்டுவிட்டாயே என்று மிகெல் இன்னும் கவலைப்படுகிறான்."

"யார் விட்டது? வீட்டில் ஒவ்வொரு நாளும் ஆடுகிறேன். கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டும்வரை. அம்மாவுக்கு முன்னால் ஆடுவதைத்தான் விட்டேன்."

கோப்பியை ஆறவிட்டுக்கொண்டு இருந்தாள். எழும்பும்போது: "அவள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல் சொன்னாலும் பாதியில் விட்டுவிட்டுப் போவேன்."

வீட்டில் சொன்னேன். மாமி ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். "அன்றைக்கு மேடையில் அவள் சரியாகத்தான் ஆடினாள். வேறு மாதிரி ஆடினாள், அவ்வளவுதான்." பிறகு, "சரி. பேசமாட்டேன்."

செப்டம்பர் 21, ஞாயிறு

முதுகு போய்விட்டது. பலகைகளைக் கழற்றி, யோகன் அண்ணையின் வான் வண்டியில் ஏற்றி, இறக்கி, பொருத்தி. மிகெலின் கையில் மரச்சிராய் ஏறிவிட்டது.

சார்செலிலிருந்து என் அம்மா தொலைபேசியில்: "கோயில் தெருவுக்குப் பக்கத்திலையோ? சனம் என்ன சொல்லும்?" பிறகு, "எத்தினை மணிக்கு வகுப்பு?" வருவாவோ தெரியாது.

செப்டம்பர் 24, புதன்

மழை. பார்மசியில் பாதி நாள் விடுப்பு.

பழைய மாணவிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள், பரத வகுப்பிலிருந்தும் சிலர். வாசலில் ஈரச் சப்பாத்துகள் குவியல். அம்மாவும் வந்தா! கோயிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு.

லூசியா கடைசியாக வந்தாள். மாமியின் கன்னத்தில் முத்தம். தன் சப்பாத்தைப் போட்டாள். முதல் அடி பலகையில் விழுந்தபோது கடைப்பக்கக் கதவு திறந்து யோகன் அண்ணையின் தலை தெரிந்தது.

மாமி கதிரையில். கை மட்டும் தட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் நன்றாகவே போனது.

பிறகு லூசியா பிள்ளைகளுக்குத் திருப்பம் ஒன்று காட்டினாள். மாமி சொல்லிக்கொடுப்பது அல்ல. தோள் முதலில் போய், கால் பிந்தி வந்து, சட்டென்று அடி. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மாமியின் கைத்தட்டல் நின்றது.

"லூசியா."

லூசியா அப்படியே நின்றாள். முகம் இறுகிவிட்டது. பக்கத்தில் நின்ற மிகெல் என் கையைப் பிடித்தான்.

"அதை இன்னொருமுறை காட்டு," என்றார் மாமி. "எனக்குத் தெரியாதது அது."

லூசியா தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, கதிரைப் பக்கம் திரும்பி, மெதுவாக ஆடிக் காட்டினாள். மாமி இருந்தபடியே தானும் தோளைத் திருப்பிச் செய்து பார்த்தார். பிழையாக வந்தது.

"இல்லை அம்மா," என்றாள் லூசியா. "தோள்தான் முதலில்."