அம்மாவுக்கு வாசிக்காத சங்கீதம்

தெமோதரை, இலங்கை,
1972 ஜனவரி 9

அன்பும் மதிப்பும் நிறைந்த யோபு அண்ணனுக்கு,

தங்கை நவமணி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் இவரும் பிள்ளைகளும் சுகம். துறையூரில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். அந்த ஊர் வெயில் அண்ணிக்கு ஒத்துக்கொண்டதா?

அம்மா காலமான தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அடங்காததை எழுதுகிறேன்.

மார்கழி மழை விடவேயில்லை. லயத்து வீடுகள், மலை, தேயிலை எல்லாம் பனிமூட்டத்தில் கரைந்துபோயின. மண் சரிந்து நம் சின்ன வேதக்கோயிலின் பின்சுவர் விழுந்தது. தோட்டத்தில் நமக்கென்று இருந்த ஒரே வேதப்புத்தகம் சேற்றில் கிடந்தது. காவல்காரர் மாடசாமி அண்ணன்தான் உள்ளே நுழைந்து, தன் கம்பளியில் சுற்றி எடுத்துவந்தார். "எந்தச் சாமி புத்தகமா இருந்தா என்னம்மா, சேத்துல கெடக்கலாமா?" என்றார்.

தையல் விட்டு எல்லாம் தாள் தாளாக வந்துவிட்டது. டீமேக்கர் ஐயா அனுமதிக்க, தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் அவற்றை விரித்துக் காயவைத்தோம். பச்சைக் கொழுந்துக்கு நடுவே, வெதுவெதுப்பான காற்றில், உறங்குகிறவர் மூச்சுவிடுவதுபோல் தாள்கள் மெல்ல அசைந்தன. அந்த வாசனையில் நின்றபோது, அம்மா காய்ச்சலில் கிடப்பதுகூடச் சற்று நேரம் மறந்துபோனது. எல்லாத் தாளும் கிடைத்தன. மலைகளை அண்ணாந்து பார்த்துப் பாடுகிற சங்கீதம் இருந்த தாள் மட்டும் இல்லை.

நீங்கள் சாயந்தரங்களில் அம்மாவுக்கு வாசிப்பீர்களே, அதே சங்கீதம். நீங்கள் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ரயிலேறிய பிறகு அம்மா அதை வாசிக்கச் சொன்னதேயில்லை. கடைசி வாரத்தில்தான், "என்னைய பொதைக்கறப்ப அத வாசிங்க" என்றார்.

ரோடு மூடிக் கிடந்ததால் பதுளையிலிருந்து போதகர் வரவில்லை. குழிக்கரையில் இவர் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் தடுமாறியது. அப்படியில்லை என்று பக்கத்து லயத்துச் சலோமி அக்கா வேறு மாதிரி சொன்னாள். எனக்கு உங்கள் குரல் காதில் கேட்டது, அண்ணா. வார்த்தைதான் வரவில்லை. இவர் எரிச்சலாகி, "வாயில வந்ததச் சொல்லி முடிப்போம், மழை வருது" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நம்ம வார்த்தைய ஆண்டவரு வார்த்தைன்னு சொல்லி அம்மாவ அனுப்ப வேணாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மூட்டம் இறங்கிவந்து எங்களுக்கும் குழிக்கும் நடுவே நின்றது. சங்கீதம் இல்லாமலே மண் போட்டோம்.

இவர் பல நாள் என்னோடு பேசவில்லை. போன ஞாயிறு தாமாகவே உட்கார்ந்து புத்தகத்தைத் தைத்தார். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, "ஒஞ் சொல்லுதான் சரி புள்ள" என்றார்.

இப்போது ரோடு திறந்துவிட்டது. அந்தத் தாளில் எழுதித் தருகிறேன் என்றார் போதகர். நான்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, உங்கள் வேதத்தைப் பார்த்து, ஓர் எழுத்தும் மாறாமல், உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். அம்மாவின் தலைமாட்டில் நின்று வாசிக்கவேண்டும். நீங்கள் இனி இந்த மலைக்கு வரமுடியாதென்று எனக்குத் தெரியும். கையெழுத்தாவது வரட்டும்.

கடலுக்கு இரண்டு பக்கமும் நம்மைக் காக்கிறவர் ஒருவரே. அவர் உங்கள் வீட்டு வாசலில் இருப்பாராக.

உங்கள் அன்புத் தங்கை,
நவமணி